தஞ்சாவூரில் ஓர் ஆம்ஸ்டர்டாம் பைபிள்

நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நம்மில் பலர் பெரிய கோயிலைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை அரண்மனை வளாகத்தில் உள்ள சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1791-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, படங்கள் நிறைந்த பைபிள் ஒன்று அங்கே இருக்கிறது.

மராட்டிய மன்னரின் நூலகத்தில் பைபிளுக்கு என்ன வேலை? இரண்டாம் சரபோஜி (1777–1832) இளமையில் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரின் ஆதரவில் வளர்ந்தவர். 1798-இல் பட்டத்துக்கு வந்த மறு ஆண்டே ராஜ்ஜியத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் மானியமும்தான் மிச்சம். அந்த மானியத்தில் அவர் புத்தகம் வாங்கினார். ஜான்சனின் ஆங்கில அகராதி, லவாய்சியரின் வேதியியல் நூல் என்று 4,000-க்கும் மேற்பட்ட ஐரோப்பிய நூல்கள் சேர்ந்தன. பலவற்றில் அவருடைய ஆங்கிலக் கையெழுத்து இருக்கிறது. அதே மன்னர்தான் தம் குல வரலாற்றை 1803-இல் பெரிய கோயிலில் கல்வெட்டாகப் பொறித்தார். 1820-இல் காசி யாத்திரை போய்ச் சுவடிகளும் சேகரித்தார். பக்தி ஒரு பக்கம், அறிவுத் தேடல் ஒரு பக்கம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

பழைய படப் பைபிள்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவது அவற்றில் வரும் கட்டடப் படங்களை. குறிப்பாக, சாலொமோன் கட்டிய எருசலேம் ஆலயம். அதன் அளவுகளை பைபிளே சொல்கிறது: நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. நம் கணக்கில் 90 அடி, 30 அடி, 45 அடி. தஞ்சை விமானமோ சுமார் 216 அடி! ஆனால் அந்த ஆலயம் கி.மு. 586-இல் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. பார்த்து வரைய எதுவுமில்லை. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லால்பாண்டோ என்ற ஸ்பானியப் பாதிரியார் பிரம்மாண்டமான வரைபடங்களை ரோமில் வெளியிட்டார். பிறகு லியோன் என்ற யூத குரு ஆலயத்தின் மாதிரியையே செய்து ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைத்தார். அவரவர் காலத்து ரசனைப்படி தூண்களும் மாடங்களும் முளைத்தன. அதனால் அந்தப் படங்களில் எருசலேமைவிட வரைந்தவரின் ஐரோப்பாவே அதிகம் தெரிகிறது. அவற்றின் வரலாற்று மதிப்பும் அதுதான்.

இத்தகைய நூல்களுக்கு எதிரி கரையான் மட்டுமல்ல. முழுப் புத்தகத்தைவிடப் படங்களைத் தனித்தனியாகக் கிழித்துச் சட்டம் போட்டு விற்றால் லாபம் என்று நினைக்கும் வியாபாரிகள் உலகெங்கும் உண்டு. தஞ்சைத் தொகுப்பு ஒரே இடத்தில் இருந்ததால் பிழைத்தது. 1918-இல் அது பொதுமக்களுக்கான நூலகமாயிற்று. ராஜ்ஜியம் போனது, புத்தகங்கள் நிற்கின்றன.

நம் வட்டங்களில் பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது புத்தகம்தான். தாத்தா வைத்திருந்த பைபிளோ, குர்ஆனோ, பெரிய எழுத்து ராமாயணமோ இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் முதல் பக்கத்தில் ஆண்டையும் கையெழுத்தையும் பாருங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்ட வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் விசாரியுங்கள். எடைக்குப் போட்ட புத்தகம் திரும்பி வராது.