மேற்கே போகும் வண்ணத்துப்பூச்சிகள்

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், நல்ல வெயில் அடிக்கும் ஒரு காலையில், மதுரைக்கு வெளியே ஏதேனும் வயல் வரப்பில் நின்று பாருங்கள். கரிய இறக்கையில் நீலப் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதைக் காணலாம். அவை பூவுக்குப் பூ தாவுவதில்லை. பெரும்பாலும் மேற்கு நோக்கியே பறக்கின்றன. எங்கே போகின்றன?

இதே கேள்விதான் கனடா நாட்டு விலங்கியல் அறிஞர் பிரெட் அர்குஹார்ட்டையும் வாட்டியது. அங்கே இலையுதிர் காலத்தில் 'மோனார்க்' வண்ணத்துப்பூச்சிகள் தெற்கே பறந்து மறைந்துவிடும். 1937இல் அவற்றுக்கு அடையாளமிடும் முயற்சியை அவர் தொடங்கினார். பிற்பாடு அவர் மனைவி நோராவும், ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து இறக்கைகளில் எண் பொறித்த சிறு சீட்டுகளை ஒட்டினார்கள். 1975 ஜனவரியில் விடை கிடைத்தது. மெக்சிகோவின் உயர்ந்த மலைக்காடுகளில் அவை கிளை தெரியாமல் மரங்களை மூடியிருந்தன! அடுத்த ஆண்டு அர்குஹார்ட் அங்கே சென்றபோது, சீட்டு ஒட்டிய பூச்சி ஒன்று அவர் கண்ணில் பட்டது. 2,500 கிலோமீட்டருக்கு அப்பால், மினசோட்டாவில், ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஒட்டிய சீட்டு அது.

நம் ஊர்க் கருநீலவரியனும் நீலவரியனும் மோனார்க்கின் உறவினங்களே. ஆனால் இவற்றைக் கிளப்புவது பனியன்று, பருவமழை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்குகின்றன. ஐப்பசியை ஒட்டி மீண்டும் மலைக்குத் திரும்புகின்றன. நீலகிரியில் இந்த வலசையைக் கண்ட டோர்பென் லார்சன் 1970களில் அதைப் பற்றி எழுதினார். கிருஷ்ணமேக் குண்டே 2005இல் தென்னிந்திய வலசைக் கூட்டங்களில் உள்ள இனங்களையும் அவை செல்லும் திசையையும் ஆராய்ந்து வெளியிட்டார்.

வழி தெரிவது எப்படி? பூமி சுழல்வதால் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதாகத் தோன்றுகிறது. அதை மட்டும் நம்பிப் பறந்தால் மாலைக்குள் திசை மாறிவிடும். ஆகவே பூச்சியிடம் ஒரு கடிகாரமும் இருக்க வேண்டும். மோனார்க்கின் அந்தக் கடிகாரம் அதன் உணர்கொம்புகளில் இருப்பதை 2009இல் கண்டறிந்தார்கள்.

நீங்களும் இதில் பங்கு பெறலாம். சீட்டு வேண்டாம்; ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள், நேரம், காற்றின் திசை, பூச்சி பறக்கும் திசை, ஐந்து நிமிடத்தில் கடந்தவை எத்தனை என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே வரப்பில் நில்லுங்கள். மெக்சிகோ மலையின் புதிரை அவிழ்க்கப் பள்ளி மாணவர்களின் கை உதவியது. வைகைக் கரையின் கணக்கை எழுத உங்கள் கை உதவக்கூடாதா?