நெய்யரி எலும்பும் தமிழ் உடற்கூற்றுச் சொற்களும்

முன்னுரை

மூக்கின் இருமருங்கும் நெற்றியிலும் அமைந்துள்ள எலும்புக் காற்றறைகளைக் குறிக்கத் தமிழ் மக்கள் இன்று 'சைனஸ்' என்னும் சொல்லையே பெரிதும் வழங்குகின்றனர். ஆயின் அச்சொல் அவர்தம் வழக்கில் உறுப்பைச் சுட்டுவதில்லை, நோயையே சுட்டுகின்றது. 'எனக்குச் சைனஸ் இருக்கிறது' என்பார் கூற்று, உடற்கூற்றியல் நோக்கில், 'எனக்கு மூக்கு இருக்கிறது' என்பதைப் போன்றது. வளைவு, மடிப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல் தமிழில் நோய்ப்பெயராகத் திரிந்ததற்குக் காரணம், உறுப்புக்குரிய பெயர் மக்களைச் சென்றடையாமையே எனலாம். அப்பெயர்களை ஆக்க எடுத்த முயற்சி ஒன்றனையும், அதன் பின்விளைவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

காற்றறைகளின் அமைப்பு

காற்றறைகள் நான்கு இணைகளாகும். மேல்தாடை எலும்பு, நெற்றி எலும்பு, நெய்யரி எலும்பு, ஆப்புரு எலும்பு ஆகியவற்றினுள் அவை அமைந்துள்ளன. இவற்றுள் மேல்தாடைக் காற்றறையே பெரியது. லியோனார்டோ டா வின்சி 1489ஆம் ஆண்டளவில் மண்டையோட்டை வெட்டி இவ்வறையை வரைந்து காட்டினார். 1651இல் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதனை விரித்தெழுதியமையால் அவர் பெயராலேயே இது நெடுங்காலம் வழங்கியது.

இவ்வறையின் வாயில் அடித்தளத்தில் இல்லாமல், உட்சுவரின் மேற்பகுதியில் உள்ளது. குடத்து நீர் குடத்தின் வாய்வழியே ஏறி வெளியேற வேண்டிய நிலை இது. மனிதன் நிமிர்ந்து நிற்கையில் சளிநீர் தானே வடிய இயலாது. உட்படலத்தின் நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அவ்வாயில் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கும். 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்னும் நாட்டார் வழக்கும், சித்த மருத்துவம் கூறும் 'நீர்க்கோவை' என்னும் பெயரும் இத்தேக்கத்தையே உணர்த்துகின்றன. எலும்பை அறுத்துப் பாராத வழக்கொன்று நிகழ்வை இத்துணைத் துல்லியமாகப் பெயரிட்டிருப்பது வியப்பிற்குரியது.

மூக்கின் பக்கச் சுவரில் சுருண்டு நிற்கும் மூன்று சங்கெலும்புகளுள் கீழுள்ளது தனியெலும்பு. ஏனைய இரண்டும் நெய்யரி எலும்பின் கூறுகள். நடுச் சங்கெலும்பின் அடியில், கொக்கி போல் வளைந்த மெல்லிய எலும்புத் தகடொன்று உண்டு. நெற்றி, மேல்தாடை, முன் நெய்யரி அறைகளின் வடிகால்கள் இதனை அடுத்த குறுகிய இடத்திலேயே கூடுகின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெசர்கிளிங்கர் நிகழ்த்திய உள்நோக்கி ஆய்வுகள் இவ்விடுக்கின் முதன்மையை நிறுவின. 1980களில் பரவிய அறுவை முறை இவற்றின் அடிப்படையில் எழுந்ததே. கண்குழிக்கும் நெய்யரி அறைகளுக்கும் இடையேயுள்ள சுவரோ தாளைப்போல் மெல்லியது.

மானிப்பாயில் எழுந்த உடற்கூற்றுத் தமிழ்

இத்தகைய செய்திகளைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினாவிற்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விடையளித்தது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையில் தாயகம் சென்று திரும்பி, 1864 முதல் மருத்துவத்தைத் தமிழ்வழிக் கற்பித்தார். அவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதியினர் தமிழிலேயே கற்றவர்கள். கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் 1858இல் வெளிவந்தது. பதினான்கே ஆண்டுகளில், 1872இல், அது 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழுருப் பெற்றது. மாணவர் துணையின்றி இப்பணி நிறைவேறியிராது.

நூற்பெயர்களே அவர்தம் சொல்லாக்க நெறியைக் காட்டிவிடுகின்றன. 'இரண வைத்தியம்' மக்கள் வழக்கையொட்டியது. 'அங்காதிபாதம்' வடமொழிவழி வந்தது. 'கெமிஸ்தம்' ஆங்கில ஒலிபெயர்ப்பு. தனித்தமிழ் நோக்கினர் இக்கலப்பைக் குறைகூறலாம். எனினும் மாணவர் நோயாளியின் முன் நிற்க வேண்டியிருந்த அவசரத்தில் பிறந்த மொழி அது. கிறீன் 1873இல் நாடு திரும்பிய பின்னர் அந்நெறி நிலைபெறவில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வசமாயிற்று.

நெய்யரி

இன்றைய கலைச்சொற்களுள் 'நெய்யரி எலும்பு' தனித்து நோக்கத்தக்கது. சல்லடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகவே மேலைப்பெயர் பிறந்தது. தமிழாக்கியோர் 'சல்லடை' என்னாது 'நெய்யரி' என்றனர். நன்னூல் பயின்றோர்க்கு இச்சொல் புதிதன்று. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றும் கடைமாணாக்கனுக்குப் பவணந்தியார் கூறிய உவமை அது. (வகுப்பில் இதனைக் கூறும்போதெல்லாம் சிரிப்பொலி எழுவதுண்டு.) எலும்பிலோ அந்நெய்யரியின் துளைகளே பெருமைக்குரியன, மணமறியும் நரம்பிழைகள் அவற்றின் வழியாகவே மூளையை அடைகின்றன. அத்தகட்டின்மேல் எழும் முகட்டிற்கு இலத்தீன் இட்ட பெயரும் சேவற்கொண்டை என்றே பொருள்படும்.

சித்தூர், திருப்பதிப் பகுதியில் இச்சிக்கல் இருமடியாகின்றது. 1911 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூர், 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் வழங்கும் நிலம் இது. மூக்கு–முக்கு, தும்மு–தும்மு, எலும்பு–எமுக என அடிப்படைச் சொற்கள் இருமொழியிலும் உறவுடையன. நெய்யரி எலும்பு என்ற அளவிலோ, வடமொழிவழி அமைந்த 'ஜர்ஜராஸ்தி' போன்ற சொல்லாக்கங்கள் இருசாராருக்கும் எட்டுவதில்லை.

இக்கட்டுரையாளரின் முதிய உறவினர் ஒருவர் திருப்பதியில் மூக்கறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திட நேர்ந்தது. ஆங்கிலப் படிவத்தில் கண்ணுக்கு ஊறு நேரலாம் என்றிருந்தது. மூக்கை அறுப்பதற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என அவர் வினவினார். கண்ணுக்கும் மூக்கறைக்கும் நடுவே அப்பளத்தினும் மெல்லிய எலும்புச் சுவர் ஒன்றே உள்ளது என்று தமிழில் கூறியதும், அதுவரை எவரிடமும் கேளாத நான்கு வினாக்களை மருத்துவரிடம் தெலுங்கில் கேட்டார். விடை பெற்ற பின்னரே கையெழுத்திட்டார்.