பத்துப் பொருள்களும் மேற்குத் தொடர்ச்சி மலையும்: புதிய மலையேறிகளின் உடைமைகள் குறித்து

1. பட்டியல் பிறந்த இடம்

மலையேற்றம் பழகுவோர் கைக்கு முதலில் வந்து சேர்வது ‘இன்றியமையாப் பத்து’ என்னும் பட்டியல். அமெரிக்காவின் சியாட்டில் நகர மலையேறிகள் சங்கம் 1930-களில் பயிற்சி வகுப்புகளுக்காக வகுத்தது அது. வரைபடம், திசைகாட்டி, வெயில் கண்ணாடி, மாற்றுடை, தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், தீமூட்டி, தீக்குச்சி, கத்தி, கூடுதல் உணவு ஆகியவை பழைய பத்து. நெருப்புக்கு இரண்டு இடம். தண்ணீருக்கு இடமே இல்லை. குளிரையே முதல் பகையாகக் கொண்ட பனிமலை நாட்டின் கணக்கு இது. 2003-இல் பட்டியலைத் திருத்தியபோது தண்ணீர் உள்ளே வந்தது. நம் மலைகளுக்கு அந்தத் திருத்தமும் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. தண்ணீர்

மிதமான நடைக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுக் கணக்கு. வெயிலேறிய புல்சரிவில் அதுவும் பற்றாது. ஒரு பகல் நடைக்கு மூன்று லிட்டர் என்றால் முதுகில் மூன்று கிலோ. மற்ற எதைக் குறைப்பது என்பதை இந்த எடையே முடிவு செய்யவேண்டும். ஓடையை நம்பிக் கோடையில் கிளம்பக்கூடாது. கிடைத்த ஓடைநீரையும் குளோரின் மாத்திரை இட்டு அரைமணி நேரம் வைத்த பிறகே குடிக்கலாம். வியர்வையோடு உப்பும் போவதால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு வேண்டும்.

3. ஈரம்

மழைக்காலத்தில் கணக்கு மாறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் இறங்கும். நனைந்த ஜீன்ஸ் காயாமல் உடற்சூட்டை உறிஞ்சும். பாலியெஸ்டர் விரைவில் உலரும். பையின் மேலுறையைவிட உள்ளே போடும் தடித்த பாலித்தீன் பை நம்பகமானது. சோலைக்காட்டின் அட்டைக்கு முழங்கால்வரை ஏறும் நெருக்க நெசவு உறை வேண்டும். கடித்த அட்டையைப் பிய்க்காமல், அதன் வாயருகே நகத்தால் நெம்பி நகர்த்தவேண்டும். குருதி உறைவதை அதன் உமிழ்நீர் தடுப்பதால் சிறுகாயமும் நெடுநேரம் கசியும், அஞ்சத் தேவையில்லை.

4. நெருப்பு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எந்தப் பையும் அன்று காப்பாற்றியிருக்காது. காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் போகாதிருப்பதே காப்பு. மழைக்கு உகந்த பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டும் என்பதையும் நினைவில் கொள்க: பருவம் மாறினால் நல்ல உடையும் மாறும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். ஆகவே பழைய பத்தில் இரண்டு பொருள்களை நாம் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

5. தடியும் விளக்கும்

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் ஏறுபவர் குறைவு. இறக்கத்தில் முழங்காலின் சுமையைப் பங்கிட விலையுயர்ந்த உலோகத் தடி செய்வதை அதுவும் செய்யும். நம் அகலாங்கில் அந்தி சட்டென முடிவதால் பகல் நடைக்கும் தலைவிளக்கு தேவை. கைப்பேசி வெளிச்சம் ஒரு கையைப் பறித்துக்கொள்ளும்.

6. வாங்கும் வரிசை

கூடாரம் கடைசியில். காப்புக்காட்டில் இரவு தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை கூடாரம் பரணில்தான் கிடக்கும். அந்தப் பணம் காலணிக்குப் போகட்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலைவேளையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரல் முன்னால் இடிக்காததை எடுத்து, சில வாரம் ஊர்த்தெருவில் நடந்து பழக்கிய பின் மலைக்குக் கொண்டுபோகவேண்டும்.