ஓர் அலைவரிசையை விரும்பிய இரு தரப்பார்: வெல்ஷ்மொழித் தொலைக்காட்சியின் தோற்றம்

வெல்ஷ்மொழிக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை அமைந்த வரலாறு பெரும்பாலும் ஒருவருடைய உண்ணாநோன்பு அறிவிப்பாகவே சொல்லப்பட்டு வருகிறது. வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவர் குவின்வர் எவன்ஸ், அரசு தன் வாக்கைக் காப்பாற்றாவிடில் அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக 1980 மே மாதம் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 67. செப்டம்பரில் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1ஆம் நாள் எஸ்4சி அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியது. இவை யாவும் உண்மையே. எனினும், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் அந்த அலைவரிசையை விரும்பியவர்கள் யாவர் என்ற வினா மறைந்துபோகிறது.

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களுள் 43.5 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசினர். 1981இல் அது 18.9 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இவ்வீழ்ச்சியின் போக்கைக் கண்டே சாண்டர்ஸ் லூயிஸ் 1962இல் 'மொழியின் விதி' என்னும் வானொலி உரையை ஆற்றினார். லிவர்பூல் மாநகரின் தண்ணீர்த் தேவைக்காக 1965இல் காபெல் கெலின் என்னும் வெல்ஷ்மொழிச் சிற்றூர் நீரில் மூழ்கடிக்கப்பட்டமை அவ்வச்சத்திற்குக் கண்கூடான சான்றாயிற்று.

அக்காலத்தில் வெல்ஷ் நிகழ்ச்சிகள் பிபிசி, எச்டிவி ஆகிய நிறுவனங்களின் ஆங்கில ஒளிபரப்பினூடே, பெரும்பாலும் பார்ப்போர் குறைந்த நேரங்களில் செருகப்பட்டன. இதனால் வெல்ஷ் பேசுவோருக்கு மனநிறைவில்லை. வெல்ஷ் அறியாத பெரும்பான்மையினரோ, பிரிட்டனின் பிற பகுதிகளில் காட்டப்படும் நிகழ்ச்சிகள் தமக்குக் கிட்டவில்லை எனக் குறைபட்டனர். அவர்களுள் பலர் தம் வீட்டுக் கூரையிலிருந்த ஏரியலை இங்கிலாந்தின் ஒளிபரப்புக் கோபுரங்களை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டனர். ஆகவே, நான்காம் அலைவரிசையில் வெல்ஷுக்கு இடம் ஒதுக்கலாம் என்று 1974இல் கிராஃபர்டு குழு பரிந்துரைத்தபோது அது இரு தரப்பாருக்கும் உவப்பாக இருந்தது. மொழிப்பற்றும் மொழிச்சலிப்பும் ஒரே கோரிக்கையில் வந்து சேர்ந்தன எனலாம். போராட்ட வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாம் தரப்பை அடிக்குறிப்பாகவே ஒதுக்கிவிடுகின்றனர். அது பொருந்தாது என்பது என் கருத்து.

1979ஆம் ஆண்டுத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி அந்த அலைவரிசையைத் தருவதாக வாக்களித்து, வென்றபின் பின்வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மூவர் பென்காரெக் ஒளிபரப்புக் கோபுர நிலையத்தினுள் புகுந்து ஒளிபரப்பை நிறுத்தினர். சமயக் கல்லூரி முதல்வராக இருந்த பென்னர் டேவிஸ், மெய்யியலும் நாட்டார் பாடலும் கற்ற மெரெடித் எவன்ஸ், அபெரிஸ்ட்வித்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த நெட் தாமஸ் ஆகியோரே அம்மூவர். வழக்கு மன்றத்தில் நின்றவர்கள் இளைஞர்கள் அல்லர், கல்வியாளர்கள். ஆய்வுத்தாள் எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதாக எண்ணும் நம் போன்றோருக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மறுத்து ஏறத்தாழ 2,000 பேர் உறுதிமொழி எடுத்ததையும் சேர்த்து நோக்கினால், குவின்வர் எவன்ஸின் அறிவிப்பு தனியொருவரின் செயலன்று என்பது விளங்கும்.

புதிய அலைவரிசை தொடக்கத்தில் வாரத்திற்கு ஏறத்தாழ 22 மணிநேரம் வெல்ஷ் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அவற்றுள் 10 மணிநேரத்தைப் பிபிசி ஆக்கித் தந்தது. எஞ்சிய நேரத்தில் சேனல் 4இன் ஆங்கில நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. 1961 முதல் பிபிசியில் வந்துகொண்டிருந்த, தேவாலயந்தோறும் சென்று கூட்டுப்பாடலைப் பதிவுசெய்யும் நிகழ்ச்சியும், 1974இல் தொடங்கிய 'போபொல் அ கூம்' என்னும் தொடர்நாடகமும் இதற்கு மாறின. உழவர்களின் வீட்டு முற்றத்திலும் ஆட்டுச் சந்தையிலும் நின்று உரையாடும் 'கெவன் குலாட்' பல்லாண்டுகள் நிலைத்தது. ஆடு வளர்ப்பைப் பற்றி வெல்ஷில் பேசினார்களேயன்றி, வெல்ஷைப் பற்றிப் பேசவில்லை; என் கணிப்பில் இந்நிகழ்ச்சியின் வலிமை அதுவே. பாட்டியை வடபகுதியார் 'நைன்' என்றும் தென்பகுதியார் 'மாம்கி' என்றும் அழைப்பர். இவ்விரு வழக்குகளும் ஒரே திரையில் நாள்தோறும் ஒலித்தமையால், வட்டார வழக்கைப் பிழையெனக் கருதும் மனப்போக்கு தளர இடமுண்டாயிற்று. முதல் உலகப் போரில் 1917இல் மடிந்த கவிஞரைப் பற்றி 1992இல் வெளிவந்த 'ஹெத் வின்' திரைப்படம் ஆஸ்கர் விருதுப் பரிந்துரை பெற்றது. புகழ் அதற்குரியதே, எனினும் மொழிவரலாற்றாசிரியனுக்கு ஆட்டுச் சந்தைப் பதிவுகளே பெருஞ்செல்வம்.

தொலைக்காட்சி மொழியைக் காத்ததா? 2001இல் வெல்ஷ் பேசுவோர் 20.8 விழுக்காடாக உயர்ந்தனர்; 2021இல் 17.8 விழுக்காடாகத் தாழ்ந்தனர். 2001ஆம் ஆண்டின் உயர்வு சிறார்களிடையே மிகுந்திருந்தமையால் அதற்குப் பள்ளிகளையே முதற்காரணமாகக் கொள்ள வேண்டும். அலைவரிசைக்கு அப்பெருமையைச் சூட்டுவது சான்றுக்கு அப்பாற்பட்டது. அதே காரணத்தால், பின்னைய வீழ்ச்சிக்கு அதன்மீது பழி சுமத்துவதும் முறையன்று.

2010இல் எண்முறை ஒளிபரப்புக்கு வேல்ஸ் முழுமையாக மாறியபின் எஸ்4சி வெல்ஷ்மொழிக்கு மட்டுமே உரியதாயிற்று. சேனல் 4 தனியே கிட்டியது. இருதரப்பாரும் 1970களில் கேட்டது முழுமையாகக் கிடைத்தது அப்போதுதான். அதுவரை ஆங்கில நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த வீடுகளில் அதற்கு முன்னர் வந்த வெல்ஷ் நிகழ்ச்சியின் கடைசிச் சில நிமிடங்களேனும் காதில் விழுந்திருக்கும். அதன்பின் அதற்கும் வாய்ப்பில்லை.