கரியும் கறியும்: மொட்டைமாடியில் ஆரம்பித்த ஒரு தேடல்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடியில் கோழி வாட்டிச் சாப்பிடலாம் என்று நானும் மச்சானும் சேர்ந்து கால் வைத்த இரும்பு அடுப்பு ஒன்று வாங்கியிருந்தோம். கூடவே ஒரு பை கரி. ஒரு பெட்டிக் கற்பூரம், பழைய பேப்பர் கட்டில் பாதி, முக்கால் மணி நேர விசிறல் எல்லாம் ஆன பிறகுதான் அந்தக் கரி மனசு வைத்தது. அதுவரைக்கும் வந்தது புகைதான். பக்கத்து வீட்டு அக்கா துணியை எடுத்துக்கொண்டு முனகியபடியே உள்ளே போனார்.

ஒருவழியாகக் கரி சிவந்து புகை அடங்கியது. கோழியைக் கம்பியில் வைத்தோம். மழை பிடித்துக்கொண்டது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்பை மாடிப்படி அறைக்குள் தூக்கி வைத்தோம். சாரல் அடிக்கிறதே என்று கதவையும் சாத்தினோம். புகை இல்லை, வாடை இல்லை, கதகதப்பாக இருந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கொண்டார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். சின்னவள், "தலை வலிக்குதுப்பா" என்றாள். மச்சானின் மனைவிக்குக் குமட்டியது. பசி மயக்கம் என்று நினைத்தோம்.

ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா அப்போதுதான் படியேறி வந்தார். கதவைத் திறந்தவர் அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கரி கனலுற எடத்துல கதவச் சாத்துவாங்களாடா? எந்திரிங்க எல்லாரும்!" என்று பிள்ளைகளைக் கையைப் பிடித்து மழைக்குள்ளேயே இழுத்து விட்டார். அவர் கமுதிப் பக்கம் முப்பது வருஷம் கரிமூட்டம் போட்டவர்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய இந்தக் கருப்புக் கட்டி என்னதான் பொருள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

எரியாமல் எரிப்பது

விறகைக் காற்றோட எரித்தால் சாம்பல். காற்றை அடைத்து வேக வைத்தால் கரி. விஷயம் இவ்வளவுதான். சூடு 200 டிகிரியைத் தாண்டும்போது மரத்தில் உள்ள பொருள்கள் சிதைய ஆரம்பிக்கின்றன. ஈரம், தார், புகை எல்லாம் வெளியேறி, 400, 500 டிகிரிக்கு வரும்போது பெரும்பாலும் கார்பன் மட்டும் மிஞ்சுகிறது. எடை குறைந்துபோகும், ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் காய்ந்த விறகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு தரும். அதனால்தான் விறகால் முடியாத வேலையெல்லாம் கரியால் முடிந்தது. இரும்பு உருக்கியது அதில் முக்கியமானது.

கரி மக்குவதும் இல்லை. கீழடியில் மண்ணுக்கடியில் கிடைத்த கரிமத் துண்டுகளை அனுப்பித்தானே காலம் கணித்தார்கள்! யாரோ மூட்டிய நெருப்பின் மிச்சம், இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து வந்து சாட்சி சொல்லியது.

காட்டைத் தின்ற உலை

1830களில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை எழுந்தது. நடத்தியவர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சேலம் பக்கத்து இரும்புத்தாது நல்ல தாது. ஆனால் அதை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு விறகு வேண்டும். சுற்றுவட்டாரக் காடு குறையக் குறைய கரி வெகுதூரத்திலிருந்து வர வேண்டியதாகி விலையும் ஏறியது. நிலக்கரி வைத்து மலிவாக இரும்பு செய்த இங்கிலாந்தோடு போட்டி போட முடியவில்லை. கை மாறி, பெயர் மாறி, 1870களுக்குள் கதை முடிந்துவிட்டது. நஷ்டத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் கரிச் செலவைச் சொல்லாமல் அந்த ஆலையின் வரலாற்றை எழுத முடியாது.

அதே காலகட்டத்தில் ரயிலும் வந்துவிட்டது. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடிய ரயில்பாதை பிறகு நீண்டுகொண்டே போனது. இன்ஜின்களும் விறகு தின்றன. வறண்ட நிலத்திலும் வளரக்கூடிய விறகு மரம் ஒன்று அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது.

இங்கேதான் நம்ம சீமைக்கருவேலம் வருகிறது. "இது காமராஜர் காலத்துல ஏரோப்ளேன்ல விதை தூவுனது" என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். ஆவணங்கள் சொல்லும் கதை இன்னும் பழையது. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் 1876ல் இந்த விதை வேண்டுமென்று எழுதினார். 1877ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பைப் பக்கம் நடப்பட்டது. காமராஜர் அப்போது பிறக்கவே இல்லை. பிற்காலத்திலும் பல இடங்களில் பரப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் முதல் விதையைப் போட்டது வெள்ளைக்காரன் காலத்து விறகுப் பஞ்சம்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் இந்த மரம் கண்மாயைப் பிடித்தது, புஞ்சையைப் பிடித்தது. 2017ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது நினைவிருக்கும். பிறகு சென்னையில் அதற்குத் தடை வந்தது. அந்த வழக்குச் செய்தியைப் படித்தபோது பெரியப்பா சொன்னது: "வெட்டுங்கடா, வேணாங்கல. மழை பொய்ச்ச வருசமெல்லாம் எங்களுக்குக் கஞ்சி ஊத்துனது இந்த மரந்தான், அதையும் எழுதிக்கோங்க." எழுதிவிட்டேன்.

மூட்டம்

கருவேலங்கட்டைகளைத் துண்டு போட்டு, இடுக்கில்லாமல் அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண் பூசி மூடினால் மூட்டம். தீ வைத்த பிறகுதான் உண்மையான வேலை. உள்ளே எரியவும் கூடாது, அணையவும் கூடாது. சுற்றி ஓட்டை போட்டுக் காற்றை அளந்து விட வேண்டும். முதலில் வெள்ளையாகத் தடித்த புகை வரும், அது ஈரம். நாளாக ஆகப் புகை மெலிந்து நீலமாகும். அப்போது ஓட்டைகளை அடைத்து, ஆற விட்டுப் பிரிப்பார்கள்.

ராத்திரியில் மண் எங்கேயாவது விரிந்து காற்று புகுந்துவிட்டால் விடிவதற்குள் மொத்தமும் சாம்பல். அதனால் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே படுக்கை. விரிந்த இடத்தில் மண் போட மேலே ஏற வேண்டும். அடியில் கட்டை வெந்து பள்ளம் விழுந்திருந்தால் கால் உள்ளே போய்விடும். பெரியப்பாவின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். இவ்வளவும் செய்து, நன்றாக அமைந்தாலே நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. கடையில் பேரம் பேசும்போது இது எனக்குத் தெரியாது.

ஃபோர்டு கார் கம்பெனியின் கரி

நான் முதலில் வாங்கியது தலையணை வடிவத்தில் அழுத்திச் செய்த கரிக்கட்டி. இதன் கதை அமெரிக்காவில். எல்ஸ்வர்த் ஸ்வோயர் என்பவர் 1897லேயே கரிக்கட்டிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஊரெல்லாம் பரவக் காரணமானவர் கார் செய்த ஹென்றி ஃபோர்டு. அந்தக் காலத்து மாடல் டி காரில் மரப்பாகங்கள் நிறைய. அதற்காக மிச்சிகனில் பெரிய காட்டை வாங்கி, அயர்ன் மவுன்டனில் மர ஆலை போட்டார். அறுத்த மிச்சம் மலையாகக் குவிந்தது. அதைக் கரியாக்கித் தூளாக்கி, ஸ்டார்ச் சேர்த்துக் கட்டியாக அழுத்தி, தன் கார் ஷோரூம்களிலேயே விற்றார். நிலத்தைத் தேடித் தந்த உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயரைத்தான் 1951ல் கை மாறியபோது அந்தக் கரிக்கு வைத்தார்கள். அடுத்த வருஷமே, கடலில் மிதக்கவிடும் மிதவைகள் செய்த சிகாகோ பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உருண்டை மிதவையைப் பாதியாக வெட்டி மூடி போட்ட அடுப்பு செய்தார். வீட்டுத் தோட்டத்தில் கறி வாட்டும் பழக்கத்துக்கு இந்த இரண்டும் பெரிய உதவி.

கட்டிக்கரி ஒரே சீராக எரியும். ஆனால் பசை கூடினால் சாம்பல் அதிகம். சில வகைகளில் நிலக்கரித் தூள், சுண்ணாம்புக்கல் தூள் எல்லாம் சேர்ப்பார்கள். பை மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவது நல்லது. நான் படிக்கவில்லை. தவிர, அந்தப் பை ஈரமாகவும் இருந்தது.

பஸ் ஓட்டிய வாயு

இப்போது மாடிப்படி அறைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர் பஸ்கள் கரியில் ஓடின. மதுரையில் டி.வி.எஸ். அதற்கான கேஸ் பிளான்ட் செய்து விற்றது. பஸ்ஸின் பின்னால் உருளை உலை, அதில் கனலும் கரி. காற்று அந்தக் கனலுக்குள் நுழையும்போது முதலில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது சிவந்த கரி வழியாகவே மேலே வரும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. எரியக்கூடிய அந்த வாயுதான் இன்ஜினை ஓட்டியது.

எங்கள் அடுப்பிலும் நடந்தது இதே வேதியியல்தான். பஸ்ஸில் அந்த வாயு இன்ஜினுக்குள் போய் எரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் பிள்ளைகளின் மூச்சுக்குள் போனது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று மலை ஊர்களிலிருந்து வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான். புகை அடங்கியதும் ஆபத்தும் அடங்கிவிட்டது என்று நான் நினைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. அறையோ, கார் ஷெட்டோ, கூடாரமோ, கூரைக்குக் கீழே கரி கூடாது. ஜன்னலை ஒருக்களித்து வைத்தால் போதும் என்பதும் கிடையாது. சமைத்து முடித்த அடுப்பைக்கூட முழுசாக ஆறும்வரை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

பெரியப்பா சொன்ன பாடம்

கரி வாங்கும்போது இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். 'கிண்' என்று கேட்டால் நன்றாக வெந்த கரி. 'டொக்' என்றால் ஈரமாக இருக்கும், இல்லை அரைவேக்காடு. உடைத்துப் பாருங்கள்: உள்ளே கருகருவென்று பளபளப்பு இருக்கணும். பழுப்பு தெரிந்தால் அது இன்னும் விறகுதான், புகையும். எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு, அதனால் கைக்குச் சில்லென்று இருந்தால் வேண்டாம். பையின் அடியில் தூள் அதிகமாக இருந்தாலும் வேண்டாம், காற்றுப் போகும் சந்தை அது அடைத்துவிடும். கருவேலங்கரி கெட்டி, நின்று எரியும். சிரட்டைக் கரி சீக்கிரம் பிடிக்கும். கீழே கொஞ்சம் சிரட்டைக் கரி, மேலே கைப்பிடி அளவுக் கருவேலங்கரி என்று போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

மூட்டுவதற்கு இப்போது நான் பழைய எண்ணெய் டின் ஒன்றை வைத்திருக்கிறேன். மேல்மூடியை வெட்டி, அடியிலும் அடிப்பக்கச் சுவரிலும் ஓட்டை போட்டு, மூன்று செங்கல் மேல் நிறுத்தி, உள்ளே கரி. கீழே சமையல் எண்ணெயில் தொட்ட பேப்பர் இரண்டு. சூடு தானாக மேலே இழுக்கும், விசிறி வேண்டாம். கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்தில் கனல் தயார். இடுக்கியும் கனமான துணியும் இல்லாமல் டின்னைத் தொடாதீர்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், கனலில் ஊற்றினால் தீ கைக்கே ஏறி வரும்.

கோழியை எப்போது வைப்பது? கரி கருப்பாக இருக்கும்போது இல்லை, கொழுந்து விட்டு எரியும்போதும் இல்லை. மேலே வெள்ளையாகச் சாம்பல் படர்ந்து உள்ளே சிவப்பாகத் தெரியும் பாருங்கள், அப்போது. 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் மனுஷர்களின் கோபத்தைச் சொல்கிறோமே, அதைச் சொன்னவர் அடுப்படியில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கனலை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்து, கறியை முதலில் சூட்டில் காட்டிவிட்டு மறுபக்கம் நகர்த்தி வேக விடுங்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கிற வேலை நடக்காது.

போன மாசம் மறுபடியும் அடுப்பு மூட்டினோம். பாதியில் தூறல் போட்டது. மச்சான் பழக்க தோஷத்தில் அடுப்பின் காலைப் பிடித்தார். சின்னவள் ஓடிப்போய் மாடிப்படி அறைக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "உள்ள கொண்டு வரக் கூடாது மாமா, பெரிய தாத்தா சொல்லியிருக்காங்க" என்றாள். அடுப்பு மாடியிலேயே நனைந்தது. பாதி வெந்த கோழியைக் கீழே கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.