ஏழாண்டுக் காத்திருப்பு: ஒக்கிப் புயலும் காரணம் நிறுவும் சட்டமும்

திருவனந்தபுரத்தின் பழைய தமிழ்க் குடியிருப்புகளுள் ஒன்றான வலியசாலையைச் சோழ வரலாறு பயில்வோர் வேறொரு பெயரால் அறிவர். அங்குள்ள மகாதேவர் கோயிலை ஒட்டியே காந்தளூர்ச் சாலை இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. விழிஞ்ஞத்தின் அருகே அதைத் தேடியோரும் உண்டு. முதலாம் இராசராசன் அச்சாலையில் ‘கலமறுத்த’தாக அவனுடைய கல்வெட்டுகள் கூறுகின்றன. கலம் என்பது கப்பல் என்றும், சேரரின் கப்பற்படையை அவன் அழித்ததையே அத்தொடர் குறிக்கிறது என்றும் ஒரு சாரார் எழுதினர். சாலை என்பது உண்டுறை நிறுவனம், ஆகவே அங்கு நடந்துவந்த உணவளிப்பு முறையோடு தொடர்புடையது அச்செயல் என்ற திசையில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதலானோர் வாதிட்டனர். நூறாண்டைக் கடந்த இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. செய்தவன் யார் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. அரசன் தானே கல்லில் பொறித்துவிட்டான்; அவன் எதைச் செய்தான் என்பதே கேள்வி.

வலியசாலையை அடுத்த கிள்ளிப்பாலத்தின் கீழ் ஓடும் கிள்ளியாறு கரமனையாற்றில் கலந்து பூந்துறைப் பகுதியில் கடலை அடைகிறது. 2017 நவம்பர் இறுதியில் அந்தக் கடற்கரையில் கலங்கள் அறுபட்டன. இம்முறை சான்றின் நிலை நேர்மாறானது. எவ்வெந்த வள்ளங்கள் போயின, எவரெவர் திரும்பவில்லை என்பதைக் கரையில் இருந்தோர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல முடிந்தது. செய்தவர் யார் என்ற இடமே வெற்றாக இருந்தது. அந்த வெற்றிடத்தைச் சட்டம் எவ்வாறு கையாண்டது என்பதற்குக் கடற்கரையிலும் ஹேக் நகரிலும் ஒரே சாயலுள்ள வரலாறு உண்டு.

நவம்பர் 29 அன்று தென்மேற்கு வங்கக்கடலில் இலங்கையை ஒட்டி உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. வங்கதேசம் அளித்த பெயர் ஒக்கி. வங்காள மொழியில் கண் என்று பொருள். எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்று கேரள அரசு கூறியது. கடல் கொந்தளிப்பு பற்றி முன்னரே அறிவித்ததாக வானிலைத் துறை கூறியது. இவ்வாதம் எப்படி முடிந்தாலும் சிலருக்கு அதனால் பயன் இருந்திராது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டிருந்தன. கரையில் ஏற்றிய எச்சரிக்கைக் கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டாது. பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் சிறு வள்ளங்களில் சென்றவர்கள் முந்தைய மாலையில்தான் கடலில் இறங்கியிருந்தனர்.

1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்கள் அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தவை; திருவிதாங்கூர் கடற்கரையின் தொடர்ச்சி. மொழிவாரி எல்லை வகுத்த கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே விழுந்தது. ஆகையால் ஒரே புயலுக்கு இரண்டு பட்டியல்கள் உருவாயின. எண்ணிக்கையும் மாதத்துக்கு மாதம் மாறிற்று. இரு மாநிலங்களிலும் இறந்தோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் 300-ஐத் தாண்டும். அவர்களுள் பெரும்பாலோர் உடல் கிடைக்காதவர்கள்.

உடல் இல்லாத மரணத்துக்கு இந்தியச் சட்டம் வைத்திருந்த விடை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் உள்ளது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த அச்சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்கள் ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். இந்த ஏழு என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1604இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட இருதார மணத் தடைச் சட்டமும், பிறர் ஆயுளைக் கணக்காகக் கொண்ட நில உரிமை பற்றிய 1666ஆம் ஆண்டுச் சட்டமும் கடல் கடந்து சென்று திரும்பாதவர்களுக்கு ஏழாண்டுக் கெடு வைத்தன. பாய்மரக் கப்பல் கீழ்த்திசைக்குப் போய் மீளவும், கடிதம் ஒன்று வந்து சேரவும் ஆண்டுகள் பிடித்த காலத்தின் அளவு அது. நிலவுடைமையாளரின் ஐயத்தைத் தீர்க்கப் பிறந்த அந்த அளவு, இரண்டு நூற்றாண்டுகள் கழித்து இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறி, பூந்துறை மீனவர் வீட்டுத் திண்ணைவரை வந்தது.

காத்திருப்பின் நீளம் வெளிப்படையான கொடுமை. கணவரின் வங்கிக் கணக்கு, படகுக் கடன், காப்பீடு, ஓய்வூதியம் யாவும் இறப்புச் சான்றிதழைக் கேட்கும். ஆயினும் ஆழமான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஏழாண்டு கழிந்தால் இறந்தார் என்று மட்டுமே சட்டம் ஊகிக்கும். எப்போது இறந்தார் என்று ஊகிக்காது. 1870இல் ஃபெனே அறக்கட்டளை வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த இவ்விதியை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றி வந்துள்ளன. இறந்த நாளைச் சொல்லாத ஊகம் இறப்பின் காரணத்தையும் சொல்லாது. நவம்பர் 30 அன்று கடலில் இருந்த ஒருவர் அந்தப் புயலில்தான் மாண்டார் என்பதை 108ஆம் பிரிவு ஒருபோதும் தராது. அதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கக் கூடிய சாட்சிகளோ அதே படகில் போனவர்கள்.

இரு மாநில அரசுகளும் இந்த இடத்தில் சட்டத்தின் காலக்கணக்கைச் சுற்றிக்கொண்டு சென்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். காணாமற்போனோரின் குடும்பங்களுக்கும் இறந்தோர் குடும்பங்களுக்குப் போலவே தலா 20 லட்சம் ரூபாய் வழங்க முடிவாயிற்று. அது சிறிய செயலன்று. ஆனால் அத்தொகை எந்தப் பெயரில் தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் உயிரிழப்புக்கான தொகையை நிவாரணத்தின் ஓர் இனமாக, கருணைத்தொகையாகவே வகைப்படுத்துகிறது. நிவாரணம் துன்பத்தை அளக்கும். இழப்பீடு தவற்றை அளக்கும். இந்த வேறுபாடு கோப்பில் ஒரு சொல்தான். கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்பது முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

பன்னாட்டு அரங்கில் இந்தச் சொற்போர் இன்னும் பழையது. எல்லை தாண்டிய மாசுக்கு ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிக்கு மூலமாகக் காட்டப்படுவது டிரெயில் உருக்காலை வழக்கு. கனடாவின் உருக்காலைப் புகை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விளைநிலங்களைக் கெடுத்தது. நடுவர் மன்றம் 1938இலும் 1941இலும் தீர்ப்பளித்து, தெளிவான, நம்பத்தகுந்த சான்றால் சேதம் நிறுவப்பட வேண்டும் என்றது. அங்கு ஓர் ஆலை, ஒரு பள்ளத்தாக்கு, புகை சென்ற வழி. புவி வெப்பமாதலில் புகைபோக்கிகள் கோடிக்கணக்கில், காலம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். டிரெயிலின் அளவுகோலை அப்படியே பொருத்தினால் எந்தத் தீவும் எந்த வழக்கிலும் வெல்ல முடியாது.

சிறுதீவு நாடுகள் இதை முன்கூட்டியே உணர்ந்தன. கடல்மட்ட உயர்வால் வரும் இழப்புக்குத் தொழில்வள நாடுகள் பங்களிக்கும் காப்பீட்டுத் தொகுப்பு வேண்டும் என்று 1991இலேயே அவற்றின் சார்பில் வனுவாட்டு முன்மொழிந்தது. 1992இல் கையெழுத்தான காலநிலை உடன்படிக்கையில் அது இடம்பெறவில்லை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் உறுப்பு ‘இழப்பும் சேதமும்’ என்ற தொடரை ஏற்றது. ஒப்பந்தத்தோடு நிறைவேறிய முடிவின் 51ஆம் பத்தி, அவ்வுறுப்பு பொறுப்புடைமைக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று உடனே கதவைச் சாத்தியது. 2022இல் ஷார்ம் எல் ஷேக்கில் நிதியம் ஒன்று அமைக்க இசைவு பிறந்தது. துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே அந்நிதியம் செயல்பாட்டுக்கு வந்தது. அந்த நாள் 2023 நவம்பர் 30. ஒக்கியின் ஆறாம் ஆண்டு நிறைவு. மாநாட்டு அரங்கில் அதை நினைவுகூர எவருக்கும் காரணம் இருந்திராது. பணம் தருவோம், ஏன் தருகிறோம் என்று எழுத மாட்டோம் என்ற கருணைத்தொகையின் இலக்கணமே அங்கும் ஆண்டது.

பாரிஸில் சாத்திய கதவைத் திறக்கும் முயற்சி நீதிமன்றத்தின் வழியே நடந்தது. தென்பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய கோரிக்கையை வனுவாட்டு ஏற்று, 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாக்கியது. பன்னாட்டு நீதிமன்றத்தின் வாய்மொழி விசாரணை 2024 டிசம்பர் 2 அன்று ஹேக் நகரில் தொடங்கியது. ஒக்கியில் போனவர்களுக்குச் சாட்சியச் சட்டத்தின் ஏழாண்டு நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. இடையில் 1872ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பெயர் மாறியது, ஏழாண்டு மாறவில்லை.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக அளித்த கருத்துரையில் பரவலாகப் பேசப்பட்டவை நாடுகளின் கடமைகளும் 1.5 பாகை வரம்பும். கடற்கரையிலிருந்து பார்த்தால் முதன்மையானது காரணத் தொடர்பு பற்றிய பகுதி. தவற்றுக்கும் சேதத்துக்கும் இடையே போதிய அளவு நேரடியான, உறுதியான தொடர்பு வேண்டும் என்ற பழைய அளவுகோலை நீதிமன்றம் கைவிடவில்லை. காலநிலை மாற்றத்துக்கு அது பொருந்தாது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஒரு நிகழ்வு மனிதர் விளைவித்த வெப்பமாதலால் நேர்ந்ததா, அதில் குறிப்பிட்ட நாட்டின் பங்கு எவ்வளவு என இரண்டு கேள்விகளாக அதைப் பிரித்தது. முதற்கேள்விக்கு அறிவியலை நாடலாம். இரண்டாவது வழக்குக்கு வழக்கு நிறுவ வேண்டியது.

முதற்கேள்விக்கு அரபிக்கடல் பற்றிய விடை ஓரளவு இருக்கிறது. ஒக்கி வீசிய அதே 2017இல் ஹிரோயுகி முராகாமி முதலானோர் வெளியிட்ட ஆய்வு, பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் அக்கடலில் அதிதீவிரப் புயல்கள் கூடுவதில் மனிதச் செயற்பாட்டின் பங்கைக் காட்டியது. ஆனால் அது நிகழ்தகவின் மொழி. புயல்களின் தொகுதியைப் பற்றி அது பேசும்; ஒரு வள்ளத்தைக் கவிழ்த்த ஓர் அலையைப் பற்றிப் பேசாது. 108ஆம் பிரிவு இறப்பைத் தந்து நாளைத் தராததைப் போன்றதே இது.

இரண்டாவது கேள்விக்கு முன் வேறொரு வாயில் இருக்கிறது. பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை நாடுகளுக்கே உண்டு. குடிமகனின் வழக்கை ஏற்கும் நாடு தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது என்று 1924இல் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் கூறியது. பூந்துறையின் குரல் புதுதில்லி வழியாகவே ஹேக்கை எட்டும். புதுதில்லி 2024 டிசம்பர் 5 அன்று அங்கு எழுப்பிய வாதம் எது? வளர்ந்த நாடுகளின் வரலாற்றுப் பொறுப்பை அது வலியுறுத்தியது. கூடவே, நடப்பிலுள்ள காலநிலை ஒப்பந்தங்களுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. தலைக்கு உமிழ்வு குறைவு, ஆண்டு மொத்த உமிழ்வில் உலகில் மூன்றாம் இடம்: இரண்டும் உண்மையான ஒரு நாட்டின் எச்சரிக்கை அது. புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் வாதியாக நிற்கவேண்டிய அரசு தானே பிரதிவாதியாகக் கூடும் என்ற அச்சத்தோடு நிற்கும்போது, அதன் கடலோரக் குடிமக்களின் இழப்பு வழக்கின் முகப்பில் வருவது அரிது.

ஆகவே இப்போதைக்கு ஒக்கியின் ஆவணம் என்று இருப்பவை மீன்வளத் துறையின் இரண்டு பட்டியல்கள், நிவாரண ஆணைகள், காவல் நிலையங்களில் பதிவான காணாமற்போன புகார்கள், பங்குக் கோயில்களின் பதிவேடுகள். ஒரு நாள் எவரேனும் அந்த இரண்டாவது கேள்வியை எழுப்பினால் முதலில் கேட்கப்படுபவை இவையே. இரு மாநில அலுவலகங்களில் பிரிந்து கிடக்கும் அவற்றை ஒன்றாக வைத்துப் பதிப்பிக்கும் பணி கல்வெட்டு ஆய்வாளருக்குப் பழக்கமான பணிதான். காந்தளூர்ச் சாலையின் ஒரு சொல்லுக்காக எத்தனை கோயில்களில் எத்தனை மைப்படிகள் எடுக்கப்பட்டன!