உரோமின் கற்புத் தெய்வ வழிபாடும் குடிப்பிறப்பும்: வெர்ஜீனியாவின் பலிபீடம்

பொ.ஆ.மு. 300இல் இயற்றப்பட்ட ஒகுல்னியச் சட்டம், பத்ரீசியர் எனப்பட்ட உயர்குடியினரே வகித்துவந்த குருமார், நிமித்திகர் பதவிகளைப் பிளெபியர் எனப்பட்ட பொதுக்குடியினருக்கும் திறந்துவிட்டது. ஆடவரின் சமயப் பதவி குறித்த பூசல் இவ்வாறு தீர்ந்தது. மாதர் வழிபாட்டில் குடிப்பிறப்பு இன்னும் வலுவாக நின்றதை, நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததாக லிவி தம் வரலாற்றின் பத்தாம் நூலில் கூறும் நிகழ்ச்சி காட்டுகிறது.

வெர்ஜீனியா உயர்குடியிற் பிறந்தவர். பொதுக்குடியைச் சேர்ந்த கான்சல் லூசியஸ் வோலும்னியஸை மணந்தவர். மாட்டுச்சந்தையில் ஹெர்க்குலிஸின் வட்டக்கோவிலுக்கு அருகில் புடிசிட்டியா எனும் கற்புத் தெய்வத்தின் கோட்டம் இருந்தது. பொதுக்குடியில் மணந்தமையைக் காட்டி, உயர்குடி மாதர் அவரை அங்கு வழிபாட்டினின்று விலக்கினர். இத்தகைய மணத்திற்கான தடையைக் கனூலியச் சட்டம் பொ.ஆ.மு. 445இலேயே நீக்கியிருந்தது, கோட்ட வாயிலில் அச்சட்டம் பயன்படவில்லை.

விலக்கியவர்கள் வெர்ஜீனியாவின் ஒழுக்கத்தில் குறை காணவில்லை. கணவரின் பிறப்பையே குறையாகக் கண்டனர். அவருடைய மறுமொழியும் கூர்ந்து நோக்கத்தக்கது. தாம் உயர்குடியினர், கற்புடையவர், ஒருவரையே மணந்தவர் என்று அவர் வாதிட்டார். பிறப்புரிமையை அவர் மறுக்கவில்லை. அதனை முதற்சான்றாகவே முன்வைத்தார்.

பின்னர் விக்கஸ் லாங்கஸ் தெருவிலிருந்த தம் இல்லத்தில் ஒரு பகுதியைத் தடுத்துப் பலிபீடம் நிறுவினார். பொதுக்குடி மாதரை அழைத்து, ஆடவர் வீரத்தில் போட்டியிடுவது போல அவர்கள் கற்பில் போட்டியிட வேண்டுமென்றார். அங்கும் கற்பு மெய்ப்பிக்கப்பட்ட, ஒருமுறை மட்டும் மணந்த மாதருக்கே பலியிடும் உரிமை இருந்தது. ஒரு வேலி தகர்ந்த இடத்திலேயே மற்றொன்று எழுந்தது எனலாம். மறுமணம் புரிந்த கைம்பெண்ணுக்கு அங்கு இடமில்லை. சட்டப்படியான மண உரிமையே இல்லாத அடிமைப் பெண்ணைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மாட்டர் மட்டூட்டா கோவிலிலோ அடிமைப் பெண்ணுக்குரிய தடை சடங்காகவே நடிக்கப்பட்டது: ஒருத்தியை மட்டும் உள்ளே கொணர்ந்து தலையில் அறைந்து அடித்தனர் என்று புளூட்டார்க் குறிப்பிடுகிறார்.

வெர்ஜீனியா நிறுவிய வழிபாடு பின்னாளில் மாசுற்றோர்க்கும், மணமான மாதர்க்கு மட்டுமன்றி எல்லாப் படிநிலைப் பெண்களுக்கும் பொதுவாகி, இறுதியில் மறக்கப்பட்டது என்கிறார் லிவி. நிகழ்ச்சிக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் பின்னர் எழுதிய அவருக்கு அது சீரழிவு. எனினும், பலிபீடம் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருந்த ஒரு காலம் உண்டு என்பதற்கு அந்தக் கண்டனமே சான்றாக நிற்கிறது.